ஏழில் நிற்காத மின்தூக்கி

அறுநூற்று நாற்பத்தெட்டுப் பக்கம்.
நூற்றுப்பத்து நிமிடம்.
தயாரிப்பாளர் கோ பூன் செங்
கோப்பிக்கடை ரசீதின் முதுகில் வகுத்துப் பார்த்தார்.
"பக்கத்துக்குப் பத்து வினாடி. முடியும்லா."

முதல் வாரம்
மூன்று போலீஸ்காரர்களை ஒருவராக்கினேன்.
ஒருவரின் மீசை, ஒருவரின் நெஞ்செரிச்சல்,
மூன்றாமவர் பெண்டாட்டியோடு பேசாத பேச்சு
எல்லாம் ஒரே சட்டைக்குள் முண்டின.
ஈப்போவிலிருந்து கடிதம் போடும் தங்கையைத்
தொலைபேசிக் குரலாக்கினேன்.
மறுநாள் அந்தக் குரலையும் துண்டித்தேன்.
இருநூற்று மூன்றாம் பக்கத்தில் சாகும் பூனையை
இயக்குநர் ஷாபிக் காப்பாற்றிவிட்டார்.
ஆள் செத்தால் பார்ப்பார்களாம்,
பூனை செத்தால் எழுந்து போய்விடுவார்களாம்.

சிக்கல் மின்தூக்கியில்.

கதை எண்பத்து மூன்றில்.
கொலை ஏழாம் மாடியில்.
அன்றைய மின்தூக்கி
ஒன்று, ஐந்து, ஒன்பதில் மட்டும் வாய் திறக்கும்.
அவன் ஐந்தில் இறங்கி ஏறினானா,
ஒன்பதில் இறங்கி இறங்கினானா?
தொண்ணூற்றொரு பக்கம்
இந்த ஒரு கேள்வியின் மேல் குந்தியிருக்கிறது.
கீழிருந்து வந்தவன் என்றால் அந்நியன்.
மேலிருந்து என்றால்
ஒன்பதாம் மாடியில் குடியிருக்கும் மைத்துனன்.

பழைய கார்களுக்கும் பழைய உடுப்புக்கும் காசில்லை,
கதையை இன்றைக்கு இழுத்து வா என்றார்கள்.
தெலுக் பிளாங்கா, குவீன்ஸ்டவுன், தோ பாயோ
என்று புளோக் புளோக்காக அலைந்தேன்.
எந்தப் பொத்தானை அமுக்கினாலும் எரிகிறது.
வீவக எல்லா மாடிக்கும் கதவு வைத்துவிட்டது.
சக்கர நாற்காலிக்கு நல்லது.
அரிசி மூட்டை தூக்குபவருக்கு நல்லது.
மைத்துனனுக்கு ரொம்ப நல்லது.
படிக்கட்டில் யாரும் இல்லை,
காயப்போட்ட ஒரு துடைப்பானைத் தவிர.

நாவலை எழுதிய மைமூன் பீவியை
நீதிமன்றத்துக்குப் பின்னால் ஒரு மீ கோரெங் கடையில் பிடித்தேன்.
இருபத்தேழு வருடம் தமிழ் மொழிபெயர்ப்பாளர்.
வெட்டியதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னேன்,
வீட்டில் கண்ணாடி உடைத்த பிள்ளைபோல.
அவர் எலுமிச்சையைப் பிழிந்தபடி கேட்டார்.

"சாட்சி 'ஆங்' என்றாலும் நான் 'ஆங்' சொல்லணும்.
உளறினால் உளறணும்.
கெட்ட வார்த்தை சொன்னால்
நீதிபதி முகத்தைப் பார்த்து நானும் சொல்லணும்.
விட்டுச் சொல்ல எனக்குப் பழக்கமில்லை, தம்பி.
அதான் புத்தகம் இத்தனை கனம்.
நீங்க விடுங்க."

மின்தூக்கியை விடலாமா?

"விடுங்க."

பிறகு முள்கரண்டியைக் கீழே வைத்தார்.
"ஒரு தடவை விட்டேன்.
ஒரு பொம்பளை. பக்கத்து வீட்டுக்காரி.
அவனைப் பார்த்தியா என்று கேட்டாங்க.
'இல்லை'ன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு 'ம்' சொன்னா.
சின்ன 'ம்'.
நான் 'இல்லை'யை மட்டும் சொன்னேன்.
பசி நேரம். மணி பன்னிரண்டே முக்கால்."

எந்தப் பக்கம் என்று
நான் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கியிருந்தேன்.
"அது அதில் இல்லை" என்றார்.
என் தட்டுக்கும் சேர்த்துக் காசு வைத்துவிட்டுப் போனார்.

அன்றிரவு எழுதிய காட்சி:
மின்தூக்கி ஏழில் நிற்கிறது.
கதவு திறக்கிறது.
அவனுக்கு மூச்சு வாங்கவில்லை.
தாழ்வாரத்தில் துணி மடிக்கும் ஒருத்தி
நிமிர்ந்து அவனைப் பார்க்கிறாள்.
"ம்."
அவன் போகிறான். அவள் மடிக்கிறாள்.
பத்து வினாடி.

கோ பூன் செங் பேனாவை அதன் மேல் வைத்தார்.
"ஒன்றுமே நடக்கவில்லையே? எந்தப் பக்கம் இது?"
நான் சொல்லவில்லை.
ஷாபிக் திரைக்கதையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.
இருக்கட்டும், என்றார்,
பூனையைக் குறுக்கே நடக்க விடலாம்.